காற்றாலைப் பாடத்துக்கு நம் ஊர்க் காற்றின் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய ஊரிலிருந்து எழுதுகிறேன். பாலிடெக்னிக் ஒன்றில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் வகுப்பறை ஜன்னலைத் திறந்தாலே காற்றாலைகள் தெரியும். ஆனாலும் ஆண்டுதோறும் மாணவர்கள் செய்துவந்த புராஜெக்ட் ஒன்றேதான்: பிவிசி குழாயை நீளவாக்கில் அறுத்து மூன்று இறக்கைகள் செய்து, மேசை விசிறிக்கு எதிரே வைத்து, ஓர் எல்இடி விளக்கை எரியவைப்பார்கள். விளக்கு எரியும், மதிப்பெண்ணும் கிடைக்கும். உண்மையான இறக்கை அடியில் அவ்வளவு முறுக்கிக்கொண்டும் நுனியில் முறுக்கு இல்லாமலும் இருப்பது ஏன் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

இந்தக் குறையைத் தீர்ப்பது கடினமல்ல. காற்றாலை இறக்கையைக் கணினியில் வடிவமைத்துப் பார்க்க உதவும், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான 'கியூபிளேடு' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அடியைவிட நுனி வேகமாக நகர்வதால் காற்று அதன்மீது வேறு கோணத்தில் படுகிறது என்பதை, இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து அதில் காட்டிவிடலாம்.

சிக்கல் காற்றாலைப் பண்ணையைத் திட்டமிடும் பாடத்தில்தான். காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் முப்படியைப் பொறுத்தது என்பதால், வேகத்தை 10 சதவீதம் கூட்டிப் போட்டுவிட்டால் ஆற்றல் 33 சதவீதம் கூடிவிடும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் வெளியிட்டுள்ள உலகக் காற்று வரைபடம் நெடுங்காலச் சராசரியைத் தருகிறது. மணிவாரியான கணக்கு வேண்டுமென்றால் ஐரோப்பிய வானிலை மையத்தின் 'ஈரா 5' தரவு உண்டு. ஆனால் நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஒரு காற்று வேகமே தரும் அதில், ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். எங்கள் கணவாயின் அகலமோ சில கிலோமீட்டர்தான். மலையும் இடைவெளியும் ஒரே கட்டத்துக்குள் கரைந்துபோக, ஆடி மாதத்தில் குடையைப் பிடுங்கிக்கொண்டு போகும் காற்று திரையில் சாதுவாகிவிடுகிறது.

எனவே, சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம், இப்பகுதியில் முன்பு நிறுவிய காற்று அளக்கும் கம்பங்களில் ஒன்றிரண்டின் ஓராண்டுப் பதிவை, 10 நிமிட இடைவெளி அளவீடுகளாகவே, மாணவர் பயிற்சிக்கென எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளும்படி வெளியிட வேண்டுகிறேன். வணிக மதிப்புள்ள புதிய பதிவுகளைக் கேட்கவில்லை, பழையவையே போதும். கருவி பழுதான நாட்களின் வெற்றிடங்களையும் நீக்காமல் தரட்டும். அவற்றைக் கண்டுபிடிப்பதும் பாடம்தானே. டிப்ளமோ வகுப்புக்கு வருவோரில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள் என்பதால், உடன் தமிழில் ஒரு பயிற்சி ஏடும் தேவை.

பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை 2024-இல் தமிழக அரசு வெளியிட்டது. அதையே பயிற்சியாக்கலாம்: 250 கிலோவாட் இயந்திரங்கள் பத்தை அகற்றிவிட்டு 2.5 மெகாவாட் இயந்திரம் ஒன்றை எங்கே நிறுத்துவது, பக்கத்துக் காற்றாலையின் காற்றைக் கெடுக்காதிருக்க எவ்வளவு தள்ளி நிறுத்துவது, அந்த இடம் வேறொருவர் பட்டாவில் விழுந்தால் என்ன செய்வது என்று மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திரவியல் விரிவுரையாளர்,
கன்னியாகுமரி மாவட்டம்.