செல்விக்கு, தளத்தைப் பற்றி

செல்வி,

ஏன் போன் எடுக்கவில்லை என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. வேலை இருக்கும். அண்ணனிடம் பேசினாயாமே, அது போதும். நேற்று ராத்திரி உன் தையல் இயந்திரப் பழுதுபார்ப்புக் கடையின் இணையதளத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஓவர்லாக் இயந்திரத்தில் நூல் ஏன் அறுகிறது என்று நீ எழுதியிருப்பது எனக்கே பாடம். ஊசி சரியாக உட்காராதது, நூல் கோத்த வரிசை, டென்ஷன் தட்டில் அடைந்த தூசு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போகிறாய். படிக்கப் படிக்கப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்துக்கு என்ன தலைப்பு வைத்திருக்கிறாய்? "முகப்பு." ஏழு பக்கத்துக்கும் அதே "முகப்பு". இவ்வளவு தெரிந்தவள் இதைக் கவனிக்க வேண்டாமா?

தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரிவது அந்தத் தலைப்புதான். கூகுள் சில சமயம் தானே மாற்றிக் காட்டும். எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றையே கொடுத்தால் மாற்றாமல் என்ன செய்யும்? பக்கத்துக்கு ஒரு தலைப்பு வை. பழுதோடு உட்கார்ந்திருப்பவர் தேடல் பெட்டியில் என்ன தட்டுவாரோ, அந்தச் சொற்களிலேயே: "ஓவர்லாக்கில் நூல் அறுகிறதா? காரணமும் சரிசெய்யும் முறையும்." எழுத்துக் கணக்கு என்று விதி கிடையாது. அகலத்தில் அடங்காவிட்டால் வால் வெட்டுப்படும். ஆங்கிலத்தில் 60 எழுத்து வரை தாங்கும் என்பார்கள். தமிழ் எழுத்து அகலம், அதைவிடக் குறைவாகத்தான் தெரியும். அதனால் முக்கியமான சொல் முன்னால், கடைப் பெயர் கடைசியில்.

தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் விளக்கம், டிஸ்கிரிப்ஷன், இரண்டு வரி போதும். அது உன்னை மேலே ஏற்றாது, பார்த்தவரைச் சொடுக்க வைக்கும். தேடல் சொற்களை எழுதும் கீவேர்ட்ஸ் டேக்கில் நாற்பது சொல் அடைத்து வைத்திருக்கிறாயே, அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. எடுத்துவிடு.

படங்கள் ஒவ்வொன்றும் 4 எம்பி. கேமராவிலிருந்து அப்படியே ஏற்றியிருக்கிறாய். 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் 200 கேபிக்குள் வந்துவிடும். மொபைலில் பக்கத்தின் பெரிய படம் 2.5 நொடிக்குள் வந்துவிட வேண்டும். கூகுள் படிப்பதும் மொபைல் பக்கத்தைத்தான், உன் கணினியில் தெரிவதை அல்ல.

கூகுளில் கடையின் விவரம் காட்டும் பிசினஸ் புரொஃபைலில் இன்னும் பழைய போன் எண். தளத்தில் புதியது. இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். அழைக்கிறவருக்கு நீ எடுக்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும், ஏன் என்று தெரியாது. வகையையும் மாற்று, பொதுவாகக் கடை என்று போடாமல் தையல் இயந்திரப் பழுதுபார்ப்பு என்று போடு.

முதல் இடம் உறுதி என்று சொன்ன யாருக்கோ பணம் கட்டினாயாம், அண்ணன் சொன்னான். அந்த இடத்தை யாராலும் உறுதி செய்ய முடியாது. பிற தளங்களிலிருந்து விலைக்கு வாங்கிய இணைப்புகளால், கூகுளின் பென்குவின் என்ற தேடல் மாற்றம் 2012-ல் வந்தபோது எத்தனையோ தளங்கள் விழுந்தன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்டாய். "ஒருத்தர்கூட வரலம்மா" என்றாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது.

செல்வி, அந்தத் தளத்தைக் கட்டும்போது, அரைகுறை வேலை கூகுளுக்குப் போக வேண்டாம் என்று ஒரு பெட்டியில் டிக் போட்டது நான்தான். எடுக்க மறந்ததும் நான்தான். நேற்று பக்கத்தின் சோர்ஸை, அதன் பின்னால் இருக்கும் நிரலை, திறந்தால் நோஇண்டெக்ஸ் என்று, தேடலில் காட்டாதே என்று, அப்படியே நிற்கிறது. எட்டு மாதமாக உன் தளம் தேடலில் இல்லவே இல்லை. உன் தலைப்பும் படமும் அதற்குக் காரணமில்லை. உழைப்புப் போதாது என்று உன்னைச் சொன்னவள், ஒரு தடவை சோர்ஸைப் பார்க்கவில்லை. இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

நானே சரிசெய்திருப்பேன். கடவுச்சொல்லை மாற்றிவிட்டாய். மாற்றியது சரிதான்.

தளத்தைக் கட்டிய வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங். கடைசியில் சர்ச் எஞ்சின் விசிபிலிட்டி இருக்கும், அந்த டிக்கை எடு. பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளகினில் கேஷை அழி, இல்லாவிட்டால் பழைய பக்கமே போய்க்கொண்டிருக்கும். சோர்ஸில் நோஇண்டெக்ஸ் போய்விட்டதா பார். தேடுபொறி எங்கே வரலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் எதையும் மறிக்காதே. மறித்தால் கூகுள் உள்ளே வரவும் முடியாது, டிக் எடுத்ததைப் பார்க்கவும் முடியாது. டிக் இருக்கும்வரை வேர்ட்பிரஸின் சைட்மேப்பும், அதாவது தளத்தின் பக்கப் பட்டியலும், திறக்காது, இப்போது திறக்கும். அதைக் கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியில் கொடு. பிறகு அங்கேயே இருக்கும் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் முக்கியமான பக்கங்களின் முகவரியைப் போட்டு, ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்கை ஒரே ஒரு முறை அழுத்து. திரும்பத் திரும்ப அழுத்தினால் சீக்கிரம் நடக்காது. சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். அதற்குள் தலைப்புகளை மாற்றிவிடு. ஏழு பக்கத்துக்கும் தனித்தனியாக.

டிக் எடுத்ததும் அந்தப் பக்கத்தின் அடியில் சேவ் சேஞ்சஸ் பொத்தான் இருக்கும். அதை அழுத்தாமல் வெளியே வந்துவிடாதே, எடுத்தது நிற்காது.

அம்மா