கூட்டம் கலைந்த பிறகு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய எட்டு அத்தியாயங்களையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். உன் பாடகியை ஊரே தூற்றும் இடங்களை நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் ஊர் பேசுவது கேட்கிற அளவுக்கு அவள் மனப்பாரம் எனக்குத் தெரியவில்லை. கூட்டம் கலைந்ததும் அத்தியாயத்தை முடித்துவிடுகிறாய். அவளுக்கு அதற்கு அப்புறம்தானே கஷ்டம்?

1850இல் ஹாதோர்ன் எழுதிய 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலை எடுத்துக்கொள். கணவன் அல்லாதவனுக்குக் குழந்தை பெற்றதற்குத் தண்டனையாக, ஹெஸ்டர் என்ற பெண் நெஞ்சில் சிவப்பு 'A' எழுத்தோடு தண்டனை மேடையில் நிற்பதைத்தான் பலரும் சொல்வார்கள். என்னை உலுக்கியது காட்டில் நடப்பதுதான். ஏழு வருடம் நெஞ்சில் சுமந்த அந்த எழுத்தைக் கழற்றி எறிந்து, கூந்தலை அவிழ்த்து விடுகிறாள். ஊர்க்கண் எதுவும் அங்கே இல்லை. ஆனால் பெற்ற மகளே கிட்டே வர மறுக்கிறாள். எழுத்து இல்லாத அம்மா அந்தக் குழந்தைக்குப் பழக்கமில்லை. மறுபடி எடுத்து அணிந்த பிறகுதான் வருகிறாள். அந்தப் பக்கத்தை என்னால் சட்டென்று புரட்ட முடியவில்லை.

அதே கதையில் பாதிரியார் டிம்ஸ்டேலை ஊர் புனிதர் என்று கொண்டாடுகிறது. அந்தக் குழந்தையின் தகப்பன் தான்தான் என்பது அவருக்குத் தெரியும் என்பதால் ஒவ்வொரு புகழ்ச்சியும் அவரை உள்ளே அரிக்கிறது. உன் பாடகிக்கு முன்பு கிடைத்த கைதட்டலையும் இப்படி யோசித்துப் பார்.

ஹைன்ரிஷ் பியோல் 1974இல் எழுதிய நாவலில் காத்தரீனா ப்ளூம் என்ற பெண்ணின் பெயரை ஒரு செய்தித்தாள் நாறடிக்கிறது. பத்திரிகைக்காரர்களையோ அவளைத் திட்டி எழுதும் முகம் தெரியாதவர்களையோ அப்போது அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பார்த்துப் பார்த்து வைத்திருந்த சொந்த வீட்டின் சுவரில் பாட்டில்களை வீசி உடைக்கிறாள்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. உனக்குப் பத்து வயதிருக்கும்போது, நான் வேலை பார்த்த இடத்தில் பணம் குறைந்ததற்கு என் பெயரை இழுத்தார்கள். கணக்கு நேராகிவிட்டது, யாரும் அப்புறம் அதைப் பேசவில்லை. ஆனால் பல மாதம் நான் வீட்டுக்குள்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன். எனக்கே அது தெரியாது. "ஏம்மா எப்பவும் ரகசியம் மாதிரி பேசுறே?" என்று நீ கேட்டபோதுதான் தெரிந்தது.

வேண்டுமானால் அதை எடுத்துக்கொள். ஒன்பதாவது அத்தியாயத்தில் உன் பாடகி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தட்டும். அங்கிருந்து எழுதி அனுப்பு, காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா