மோட்டார் கடையை விட்டு வரப்புக்கு வந்தவனின் நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். சிவகங்கைச் சீமையில் நீர்மூழ்கி மோட்டார் விற்றும், பழுது பார்த்தும் நெடுங்காலம் பிழைத்துவந்த நான், இன்று மழைநீரை விழுந்த நிலத்திலேயே நிறுத்தும் வரப்புகளையும் பண்ணைக்குட்டைகளையும் திட்டமிட்டுத் தருவதைத் தொழிலாகக் கொண்டிருக்கிறேன். இந்தத் திருப்பத்துக்குக் காரணம் இயற்கையின் போக்கைக் கவனித்து அதற்கேற்பப் பண்ணையை வடிவமைக்கும், நிரந்தர வேளாண்மை என்று நாம் சொல்லும் பெர்மாகல்ச்சர்தான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். அது பாதி உண்மை. என் நிலத்தைப் பார்த்து எதைக் கேட்க வேண்டும் என்பதை அது கற்றுக்கொடுத்தது. கேட்டதற்கெல்லாம் விடை வைத்திருந்தவர்கள் நீங்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்ல வேண்டியதை இப்படி ஒரே மடலில் எழுதுவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே, நரசண்ணா கொப்புலாவும் பத்மா கொப்புலாவும் வளர்த்தெடுத்த அரண்யா பண்ணையில் எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு முதல் வணக்கம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் சிந்தித்து 1978-இல் நூலாக வெளியிட்ட ஒரு முறை, தக்காண மேட்டு நிலத்தின் வறட்சிக்கு எப்படிப் பொருந்தும் என்ற சந்தேகத்துடன்தான் அங்கே போனேன். ஓர் ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் என்று நீங்கள் கரும்பலகையில் போட்ட கணக்கு என்னை உலுக்கிவிட்டது. 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் முப்பதுக்கும் மேற்பட்ட லாரித் தண்ணீர் அது. எத்தனை அடி ஆழத்துக்கு எத்தனை குதிரைத்திறன் என்பதை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, மேலிருந்து வருவதை எண்ணிப் பார்க்க அதுவரை எவரும் சொன்னதில்லை. நீங்கள் தந்த சான்றிதழை மாட்ட இன்னும் ஆணி அடிக்கவில்லை. அந்தக் கணக்கை மட்டும் போகிற ஊரிலெல்லாம் போட்டுக் காட்டுகிறேன்.

எங்கள் மேஸ்திரி அண்ணனுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. சரிவில் ஓடும் மழைநீரைத் தடுத்து நிறுத்தும் வாய்க்காலுக்காக, ஒரே உயரத்தில் செல்லும் சம உயரக் கோட்டை ஏ வடிவச் சட்டம் கொண்டு குறிக்கலாம் என்று படித்து வந்து, கம்புகளைக் கட்டிக்கொண்டு நின்ற என்னிடம், கட்டட வேலைக்கு வைத்திருந்த லெவல் டியூபை எடுத்து நீட்டியவர் அவர். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் அந்தப் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை நான் குச்சியோடு பிடித்து நிற்க, மறுமுனையோடு அவர் சரிவில் ஏறியும் இறங்கியும், இரு பக்கத் தண்ணீரும் ஒரே அளவில் நிற்கும் இடம் பார்த்து முளை அடித்தார். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் மட்டம் பொய்யாகிவிடும் என்று, ஒவ்வொரு முறையும் விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை மேலேற்றிய பிறகே அளக்க விட்டார். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த செம்மண் புஞ்சையில் அந்த முளைகள் பாம்பு போல வளைந்து சென்றதைப் பார்த்த பிறகுதான் என் நிலத்தின் உருவமே எனக்குத் தெரிந்தது. அதே வளைவில், பறித்த மண் பள்ளத்தின் தாழ்ந்த பக்கத்திலேயே விழும்படி வாய்க்கால் எடுத்துத் தந்த ஜேசிபி தம்பிக்கும் நன்றி. நேர்கோட்டில் போனால் பாதி நேரத்தில் முடியும் என்று முணுமுணுத்தாலும், அவர் ஒரு முளையைக்கூடச் சாய்க்கவில்லை.

பக்கத்துப் புஞ்சை அப்பத்தா இல்லையென்றால் அந்த வாய்க்கால்களில் ஒன்று முதல் ஐப்பசியிலேயே உடைந்திருக்கும். சீமைக்கருவேல் மண்டுவதற்கு முன் வெள்ளம் எந்த மூலையில் இறங்கி எங்கள் கண்மாய்க்குப் போனது என்பதை வெற்றிலை மென்றபடியே கைகாட்டிச் சொன்னவர் அவர். அங்கேதான் மிஞ்சும் தண்ணீர் வழிந்து போகக் கல் பாவி மறுகால் வைத்தோம். ஒரு நிலத்தில் கை வைப்பதற்கு முன் நெடுநாள் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது பெர்மாகல்ச்சரின் தொடக்கப் பாடம். அப்பத்தாவிடம் அறுபது ஆண்டுக் கவனிப்பு இருந்தது. இந்தத் துறையில் இருக்கும் சிலர் எல்லாமே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதைப் போலப் பேசும்போது, அவர்களை அந்தத் திண்ணையில் ஒரு பொழுது உட்கார வைக்கத் தோன்றுகிறது.

கோடையில் நிலத்துக்கு எருவாக ஆட்டுக் கிடை அமர்த்திக் கொடுத்த, ஆடு மேய்க்கும் கீதாரி ஐயாவுக்கும் என் நன்றி. பட்டியை மேட்டுப் பக்கமாகவே மாற்றி மாற்றிப் போட்டு, முதல் மழையில் புழுக்கையின் சத்து வாய்க்காலுக்குள் இறங்கும்படி செய்தார். ஆடு போன கையோடு மேலாக உழுதுவிட வேண்டும், வெயிலில் காயவிட்டால் பாதி பலன் போய்விடும் என்று அவர் எச்சரித்ததும் பலித்தது. அதன்மேல் பலதானியம் விதைத்து, பூக்கும் தருவாயில் மடக்கி உழுது, பிறகு இலைதழையால் மண்ணை மூடி மூடாக்குப் போட்ட இடத்தில்தான் இப்போது வரப்பு நெடுக அகத்தியும் நாவலும் புங்கனும் நிற்கின்றன. அங்கே மண்ணைத் தோண்டினால் மழை விட்டு வெகுநாளான பின்பும் ஈரம் கையில் ஒட்டுகிறது.

கடையை ஏற்று நடத்தும் மைத்துனருக்கும், வருமானம் இல்லாத ஆண்டுகளில் தம் சம்பளத்தில் வீட்டைத் தாங்கிய என் மனைவிக்கும் நன்றி என்ற சொல் போதாது. பெர்மாகல்ச்சருக்கு மாறிய உடனே நிலம் சோறு போடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்பதை இந்த இடத்தில் மற்றவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். என்னிடம் மோட்டார் வாங்கிய வாடிக்கையாளர்களே, தங்கள் போர்வெல் வற்றியபோது, "அந்த வரப்பு வேலையை எங்களுக்கும் பார்த்துக் கொடுங்கள்" என்று முதலில் அழைத்தவர்கள் என்பதையும் மறக்க மாட்டேன்.

விதைக் கடன் ஒன்று பாக்கியிருக்கிறது. தட்டைப்பயறும் குதிரைவாலியும் படியால் அளந்து கொடுத்து உதவியவர்கள், தை அறுவடை முடிந்ததும் புஞ்சைக்கு வந்து, கொடுத்ததற்கு இரண்டு மடங்காக வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன். வர இயலாதவர்களுக்கு மைத்துனரின் கடையில் பெயர் எழுதிப் பை வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
என்றும் கடமைப்பட்டுள்ள
உங்கள் பழைய மோட்டார் கடைக்காரன்