புகலிட விதையை யார் விதைப்பார்?

ஆசிரியருக்கு,

படைப்புழுவைத் தாங்கும் மரபணு மாற்ற மக்காச்சோளம் பற்றிய தங்கள் நாளிதழ்ச் செய்தியை வாசித்தேன். வேண்டுமா வேண்டாமா என்பது இருக்கட்டும். புழு எத்தனை ஆண்டு அதற்கு அடங்கியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லையே! 2002-இல் அனுமதி பெற்ற பிடி பருத்திக்கு (புழுவைக் கொல்லும் மரபணு மாற்றப் பருத்தி) இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிவிட்டது; இப்போது சாவதில்லை. எதிர்ப்பில்லாத புழுக்களும் பிழைத்து, அந்துப்பூச்சியாகி, பழகியவற்றோடு இணைசேர்ந்து அந்த எதிர்ப்பு பரவாமல் தடுக்கட்டும் என்றுதான் 450 கிராம் பிடி விதையோடு, வயலோரம் விதைக்க 120 கிராம் சாதா விதையும் கொடுத்தார்கள்; அதுதான் புகலிட விதை. பெரம்பலூர்ப் பக்கம் என் மாமனார் வீட்டுப் பரணில் அந்தப் பொட்டலங்கள் பிரிக்காமலே கிடந்தன. “புழுவுக்குத் தீனி போடவா உழுதேன், மாப்பிள்ளை?” என்றார். நியாயம்தான். மக்காச்சோளத்துக்கு அனுமதி தருவதானால், சாதா விதை வரிசைகளில் புழு தின்னும் விளைச்சலுக்கான இழப்பீட்டை அரசு முதலிலேயே அறிவிக்கட்டும்.

– தீவனக் கடைக்காரர் ஒருவர், மாதவரம், சென்னை-60