பேச்சு முடிந்த பிறகு ஒரு அரை மணி நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உள்ளூர் வரலாற்றுக் கழகம் நடத்தும் பொதுக்கூட்டங்களுக்கு நான் தவறாமல் போகிறவன். போன கூட்டத்தில், கல்வெட்டை வைத்துக் காலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் பேச்சு. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை எடுத்துக்கொண்டார்கள். ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்றால் மதுரையை வென்ற சோழ மன்னன் முதலாம் பராந்தகன், அவன் பட்டத்துக்கு வந்தது 907, ஒரு கல்வெட்டில் யாண்டு (ஆட்சியாண்டு) 12 என்றும் இன்னொன்றில் 14 என்றும் இருக்கிறது, அப்படியென்றால் 919, 921 என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியதும் பள்ளிப் பிள்ளைகளுக்கே புரிந்துவிட்டது. ஊர்ச்சபையின் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியில்லை என்ற வரியை வாசித்தபோது அரங்கமே கைதட்டியது.

அப்புறம் நடந்ததுதான் மனதைவிட்டுப் போகவில்லை. நன்றியுரை ஆரம்பித்த நேரம், பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, “எங்க கெணத்து மேட்டுல துவைக்கிற கல்லு ஒண்ணு கெடக்கு, அடிப்பக்கம் பூரா எழுத்தா இருக்கு” என்றார். நேரமாகிவிட்டது ஐயா, உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கூட்டம் கலைந்ததும் அவரைத் தேடி வாசலுக்கு ஓடினேன், அதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டார். பெயர் தெரியாது, ஊரும் தெரியாது.

துவைகல்தானே என்று விட்டுவிட முடியாது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டெடுத்த நடுகற்களில் தமிழின் பழைய எழுத்தான தமிழி இருந்தது, அதில் ஒன்று கூடலூர் ஆகோளில், அதாவது மாடு பிடிச் சண்டையில், இறந்தவனுக்கு நட்ட கல். அந்தப் பெரியவருடைய கல் அவ்வளவு பழசாக இல்லாமலும் இருக்கலாம், ஏதோ ஒரு ஏரிக்கு மதகு கட்டிக் கொடுத்தவர் பெயர் இருந்தாலும் அந்த ஊருக்கு அது பெரிய விஷயம். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றினால் ஒரே நாளில் படி எடுத்துவிடலாம். கல் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தால்தானே அதையும் செய்ய முடியும்?

அதனால் கழகத்தாருக்கு என் வேண்டுகோள். பொன்னாடை, அறிமுக உரை எல்லாவற்றையும் சுருக்கிக்கொள்ளுங்கள், கடைசி அரை மணி நேரத்தை வந்தவர்களுக்கு விடுங்கள், அவர்கள் சொல்வதை ஊர், பெயர், தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

உங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். கூட்டம் முடிந்த மறுநாள் மேடைப் படமும் பிரமுகர் பெயர்களும் வருகின்றன, என்ன பேசினார்கள் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. இரண்டு நாள் முன்னாலேயே இடத்தையும் நேரத்தையும் போட்டால் கிராமத்தில் இருப்பவர்களும் வருவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நோட்டோடு வாசலில் நான் உட்காரத் தயார். துவைகல்லைப் பற்றிச் சொன்ன பெரியவர் இதைப் படித்தால், அல்லது அவரைத் தெரிந்த யாராவது படித்தால், தயவுசெய்து அவரை மறுபடி அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்