லீட்ஸில் ஏன் பறக்கவில்லை

அன்புள்ள முரளி,

லீட்ஸில் நல்ல வீடாக அமைந்ததில் சந்தோஷம். குளிர்ப் புலம்பலைக் கொஞ்சம் குறைத்துக்கொள், இன்னும் டிசம்பரே வரவில்லை. உன் மகளின் கேள்விக்கு வருகிறேன்: இங்கே தெற்கு லண்டனில், கிராய்டனில், ஜூன் சாயங்காலங்களில் தலைக்கு மேலே விர்ரென்று போகுமே, மான்கொம்பு மாதிரி தாடை நீண்ட அந்த மான்கொம்பு வண்டு (stag beetle) அங்கே ஏன் இல்லை?

நாம் பார்க்கிற வண்டுக்கு ஆயுசு சில வாரம்தான். அதன் புழுவோ மண்ணுக்கடியில் மக்கும் கட்டையைத் தின்றுகொண்டு மூன்று முதல் ஏழு வருஷம் கிடக்கிறது, அதனால் ஊரைத் தீர்மானிப்பது புழுவின் வசதிதான். கதகதப்பும், மழைக் குறைவும், தோண்டச் சுலபமான மண்ணும் வேண்டும். தேம்ஸ் பள்ளத்தாக்கு, தெற்கு லண்டன், சஃபோக், நியூ ஃபாரஸ்ட் பக்கமெல்லாம் நிறைய உண்டு. சுண்ணாம்புக் குன்றுகளில் அபூர்வம், லீட்ஸ் இருக்கிற வடக்கு இங்கிலாந்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பெண் வண்டு வெகுதூரம் பறப்பதும் இல்லை, அதனால் ஓரிடத்தில் அழிந்தால் திரும்ப வருவது கஷ்டம்.

லண்டனில் அதைக் காப்பாற்றுவது பாதிக்குமேல் வீட்டுத் தோட்டங்கள்தான் என்பேன். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் பழைய செர்ரி மரத்தின் அடிக்கட்டையை மிஷின் வைத்து அரைத்துவிட்டார், புல்தரை போடவாம்! உள்ளே எத்தனை வருஷத்துப் புழுக்கள் இருந்தனவோ, எனக்கு வயிறு எரிந்தது.

மான்கொம்பு வண்டாவது பரவாயில்லை. மல்லாத்திப் போட்டால் டக்கென்று துள்ளுகிற வண்டுகளில் ஊதா நிறத்தது ஒன்று, பிரிட்டன் முழுக்க மூன்றே இடங்களில்தான் தெரிந்திருக்கிறது: விண்ட்சர், பிரெடன் குன்று, டிக்ஸ்டன் காடு. பொந்து விழுந்த கிழட்டு பீச், ஆஷ் மரங்களின் அடியில் கறுப்பாக மக்கிய தூள்தான் அதன் வீடு. அப்படியொரு மரம் தயாராக நூறு, இருநூறு வருஷம் ஆகும், இன்றைக்கு நட்டு என்ன பிரயோஜனம் சொல். அதனால் சில இடங்களில் இளமரத்தை வேண்டுமென்றே காயப்படுத்திச் சீக்கிரம் பொந்து விழ வைக்கிறார்கள். கேட்க ஒரு மாதிரியாக இருந்தாலும், எனக்குச் சரியென்றே படுகிறது.

அப்புறம், குட்டியை ஏமாற்ற வேண்டாம். காண்டாமிருகம் மாதிரி ஒற்றைக் கொம்புள்ள சின்னக் கறுப்பு வண்டு ஒன்று வடக்கேயும் உண்டு, விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. கோடையில் பட்டுப்போன பீச், ஆஷ் மரங்களில் தேடச் சொல், ஆனால் கட்டையைப் பிளக்க விடாதே. கிடைத்தால் படம் அனுப்பு.

அன்புடன்,
சேகர்