அம்மா முழங்காலில் ஒரு கச்சை

அம்மாப்பேட்டைத் தெருக்காரர்களுக்கும், சொந்தபந்தத்துக்கும், மலையில் கூட நடந்தவர்களுக்கும் வணக்கம்.

பெரு நாட்டு மலை நடையை முடித்துவிட்டு, நானும் அம்மாவும் முந்தாநாள் ராத்திரி சேலம் வந்து சேர்ந்தோம். அம்மா நன்றாக இருக்கிறார். தகவல் வரும்வரை நீங்கள் யாரும் போனைக் கீழே வைக்கவில்லை என்று அத்தை சொன்னார், அதனால்தான் இதை முதல் வரியிலேயே எழுதுகிறேன். நடையின் மூன்றாம் நாள் அம்மாவுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அன்று ஒருவர் செய்ததை மட்டும் எழுத வேண்டும்.

மச்சு பிச்சு என்ற பழைய இன்கா நகரத்துக்குப் போகும் இன்கா பாதை நாலு நாள் நடை, 42 கிலோமீட்டர். இரண்டாம் நாள் தாண்டும் கணவாய் 4,215 மீட்டர், நம் ஏற்காட்டைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அதை அம்மா ஒரு முனகல் இல்லாமல் ஏறிவிட்டார். ஆனால் நாற்பது வருடம் குழித்தறியில், குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதித்து நெய்த முழங்கால் அது, இறக்கத்துக்குத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் எல்லாம் கல் படி. இன்கா காலத்தில் போட்டவை. ஒரு படி சாண் உயரம் இருந்தால் அடுத்தது முழ உயரம் இருக்கும், மழை பெய்தால் வழுக்கும்.

அந்தப் படியில் இருட்டும் நேரத்துக்கு அவர் வந்தார். எங்கள் குழுவுக்குச் சுமை தூக்கிய போர்ட்டர்களில் ஒருவர், இருபத்தைந்து வயது இருக்கலாம். ஓர் ஆள் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று அங்கே சட்டம். அந்தச் சுமையோடு எங்களுக்கு முன்பே முகாமுக்குப் போய், கூடாரம் அடித்துவிட்டு, நாங்கள் வரவில்லை என்றதும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு திரும்ப மேலே ஏறி வந்திருக்கிறார். யாரும் அவரை அனுப்பவில்லை என்று கைடு பிறகு சொன்னார்.

வந்தவர் அம்மா முன்னால் மண்டியிட்டு முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் இடுப்பில் சுற்றியிருந்த கம்பளிக் கச்சையை அவிழ்த்தார். சும்பி என்பார்கள். பாரம் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்ளாமல் இருக்க அதை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அது இல்லாமல் மறுநாள் அவர் எப்படிச் சுமப்பார் என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அதை அம்மாவின் முழங்காலுக்கு மேலும் கீழும் குறுக்காகச் சுற்றி, நாலு முறை இழுத்துக் கட்டினார்.

முகம் வெளிறிக் கிடந்த அம்மா அந்தக் கச்சையை விரலால் தடவிப் பார்த்தார். "பாவுலயே பூ விழுந்திருக்கு பாருடி. ஊடை வெளிய தெரியவே இல்ல. கையால நெஞ்சது" என்றார். பாவு என்பது நீளவாட்டு நூல், ஊடை குறுக்கு நூல். மூன்று மணி நேரத்தில் அம்மா பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் போர்ட்டருக்கு என்ன புரிந்ததோ, நெய்வது போல் கையை ஆட்டிக் காட்டி, "மமாய்" என்றார். அந்த மலைக்காரர்கள் பேசும் கெச்சுவா மொழியில் 'என் அம்மா' என்று அர்த்தமாம். அவர் அம்மா நெய்து கொடுத்த கச்சை.

பிறகு இறங்கினோம். அவர் ஒரு படி கீழே, எங்களைப் பார்த்தபடி பின்னோக்கியே இறங்கினார், அம்மா சாய்ந்தால் தன் மேல் சாயட்டும் என்று. பத்துப் படி, ஒரு மூச்சு. அம்மா ஒன்னு, ரெண்டு என்று எண்ண, அவர் ஹுக், இஸ்காய், கின்சா என்று எண்ணினார். கொஞ்ச தூரத்தில் இருவரும் மாற்றி மாற்றி எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பத்துக்கு அவர்கள் சொல்வது சுங்கா. இப்போதும் எங்கள் வீட்டு மாடிப்படியில் பத்தாவது படி வந்ததும் அம்மா "சுங்கா" என்று நின்றுவிடுகிறார்.

கடைசி நாள் போர்ட்டர்கள் விடியும் முன்பே இறங்கி ரயிலைப் பிடிக்க வேண்டும். நாங்கள் எழுந்தபோது அவர் போயிருந்தார், கச்சை அம்மா காலில் இருந்தது. "மமாய் இன்னும் நடக்கணும், அது அங்கேயே இருக்கட்டும்" என்று கைடிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அந்தக் கச்சையோடுதான் அம்மா பாதை முடியும் இடத்துச் சூரிய வாசலில் நின்று மச்சு பிச்சுவைப் பார்த்தார். அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கிளம்பும் முன் ஆறு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக் கிளியூர் அருவிப் படியில் எங்களை ஏற்றி இறக்கிப் பழக்கிய மலைக்கிராமத்துப் பெரியவருக்கும், காபித் தோட்டத்தில் அம்மாவுக்குக் கம்பு வெட்டிக் கொடுத்த அக்காவுக்கும், வலி மாத்திரை தந்த வேறு குழுவின் நர்ஸம்மாவுக்கும், சக்கர நாற்காலியோடு பெங்களூருக்கே வந்த சித்தப்பாவுக்கும், வீட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிய எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கும் எங்கள் கும்பிடு.

தறியை விட்டுப் படிக்கப் போனவள் நான். அம்மா இன்னும் ஒரு மாதம் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நான் குழியில் இறங்குகிறேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார். சேலத்து நூலில் ஒரு கச்சை நெய்து, அவர் கச்சையோடு சேர்த்து கைடு மூலம் அனுப்பப் போகிறோம். பிப்ரவரியில் பராமரிப்புக்காகப் பாதையை மூடிவிடுவார்கள், அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இந்த மடலை அவருக்குப் படித்துக் காட்டுவதாகக் கைடு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

சுல்பாய்கி, நன்றி, தம்பி. உங்கள் கச்சையை அம்மா பச்சைத் தண்ணீரில் அலசிப் போட்டிருக்கிறார். சாயம் போய்விடக் கூடாதென்று, திண்ணைக் கொடியில் நிழலில் காய்கிறது.